காலாவதியான தரவும் பழிசுமந்த நாவும்

நீண்ட பதிவு இது. மனிதரை ஒரு கருவியின் முன் அமர்த்தி, அவர்தம் பேச்சையோ நடத்தையையோ அளந்து ஆய்வேடு எழுதும் நண்பர்கள் அனைவரும், துறை எதுவாயினும், இறுதிவரை படிக்க வேண்டுகிறேன்.

அண்மையில் ஒரு கருத்தரங்கில், என் ஆய்வில் நேர்ந்த பிழையொன்றை நானே எடுத்துரைத்தேன். வீட்டுக் கணினியில் இயங்கும் ஃப்ளைட் சிமுலேட்டரின் வழிசெலுத்தல் தரவு காலாவதியாகிக் கிடந்ததையும், அதனால் என் முடிவுகளில் ஒரு பகுதி செல்லாததாகிவிட்டதையும் சொன்னேன். அவையிலிருந்த மூத்தவர் ஒருவர் கேட்டார்: அது விளையாட்டு மென்பொருள்தானே, அதன் வரைபடம் நான்கு வருடம் பழையதாயிருந்தால் வானம் இடிந்து விழுந்துவிடுமா? அவை சிரித்தது. நானும் மரியாதைக்குச் சிரித்துவைத்தேன். சிரித்திருக்கக் கூடாது என்று அன்றிரவே தோன்றிற்று. அன்று சொல்லாமல் விட்ட மறுமொழியே இந்தப் பதிவு.

வானம் இடிந்து விழவில்லை, உண்மைதான். ஆனால் ஒன்பது பேரின் நாக்கின் மேல் நான் பொய்யான ஒரு பழியைச் சுமத்திவிட்டேன். அந்தப் பழி என் ஆய்வேட்டில் அச்சேறி, மேற்கோள் காட்டப்பட்டு, நாளை ஒரு தேர்வு நடத்துநரின் கையேட்டில் நுழைந்திருக்கவும் கூடும். இதைச் சிரித்துக் கடக்க எனக்கு மனமில்லை.

1. நடந்தது

நான் ஐதராபாத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறேன். வானொலிவழி உரையாடலில், கட்டுப்பாட்டாளரின் ஆணையைப் பயிற்சி விமானிகள் எவ்வாறு திருப்பிச் சொல்கிறார்கள் என்பது என் ஆய்வுப்பொருள். உயரம், திசை, வழிப்புள்ளி, ஓடுபாதை ஆகியவற்றைக் கட்டுப்பாட்டாளர் சொன்னால், விமானி அவற்றைத் தம் வாயால் மீண்டும் சொல்லி உறுதிசெய்ய வேண்டும். 1977 மார்ச் 27 அன்று டெனரீஃபில் இரண்டு விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்ததற்குக் காரணங்களுள் ஒன்று, இந்த உறுதிப்படுத்தலில் விழுந்த மயக்கம். 1996 நவம்பர் 12 அன்று அரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே இரு விமானங்கள் மோதி 349 பேர் இறந்தபோதும், ஒரு விமானக் குழுவினரின் ஆங்கிலத் திறன் விசாரணையில் பேசுபொருளாயிற்று. ஆகவே இத்துறையில் மொழியியலாளருக்கு வேலை உண்டு என்பதில் ஐயமில்லை.

சோதனையின் அமைப்பு எளியது. பயிற்சி விமானி சிமுலேட்டரின் முன் அமர்வார். அவர் கையில் ஷம்ஷாபாத் விமான நிலையத்தின் நடப்பு வரைபடங்கள். அடுத்த அறையிலிருந்து நான் கட்டுப்பாட்டாளராக ஆணைகளை வாசிப்பேன். அவர் திருப்பிச் சொல்வதைப் பதிவுசெய்து, தயக்கங்களையும் இடைநிறுத்தங்களையும் பிறகு குறியிடுவேன். நான் வாசித்த ஆணைகளின் எழுத்துப்படி எனக்கு முன்னிருந்த ஆய்வாளர் ஒருவர் தயாரித்தது. சிமுலேட்டரில் நிறுவப்பட்டிருந்த விமானத்தின் கணினியில் எந்தெந்த வழிப்புள்ளிகள் இருந்தனவோ, அவற்றைக் கொண்டே அதை அவர் எழுதியிருந்தார்.

ஒன்பது பேர் வந்தார்கள். தமிழ், தெலுங்கு, இந்தி என மூன்று தாய்மொழியினர். சில ஆணைகளுக்கு மட்டும் ஏறக்குறைய எல்லாரும் திணறினார்கள். நீண்ட மௌனம், பிறகு ஓர் 'அ...', பிறகு அரைகுறையான திருப்பிச் சொல்லல். அந்த ஆணைகளிலிருந்த வழிப்புள்ளிப் பெயர்களின் மெய்ம்மயக்கம் தென்னிந்திய நாவுக்குக் கடினமாயிருக்கலாம் என்று நான் கருதுகோள் எழுதினேன். அழகான கருதுகோள், அட்டவணையோடு, ஒலிப்பியல் விளக்கத்தோடு எழுதினேன். இந்திக்காரரும் அதே இடத்தில்தான் தயங்கினார் என்பதற்கும் ஓர் அடிக்குறிப்பு கண்டுபிடித்து வைத்திருந்தேன். வெட்கத்தோடு சொல்கிறேன்.

மாதங்கள் கழித்து, கலந்துகொண்டவர்களுள் ஒருவரான மதுரைத் தம்பியைத் தற்செயலாகச் சந்தித்தேன். ஏன் அவ்விடத்தில் தயங்கினாய் என்று கேட்டேன். அவன் சொன்னது: "அக்கா, நீங்க சொன்ன பாயின்ட் என் சார்ட்லயே இல்லையே. எங்க இருக்குன்னு தேடிக்கிட்டிருந்தேன். நீங்க வேற திரும்பச் சொல்லுன்னு அவசரப்படுத்துறீங்க."

அன்று மாலை ஆய்வகத்துக்குத் திரும்பி, விமானக் கணினியின் முதல் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். தரவின் செல்லுபடிக் காலம் அங்கே எழுதியே இருந்தது. முடிந்து நான்கு ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. ஒவ்வொரு சோதனையின் தொடக்கத்திலும் அந்தப் பக்கம் என் கண்முன் வந்துதான் போயிற்று. நான் வாசித்ததில்லை.

2. இருபத்தெட்டு நாள் வானம்

வழிசெலுத்தல் தரவு என்பது என்ன என்று அறியாதவர்களுக்குச் சிறிது விளக்குகிறேன். அறிந்தவர்கள் அடுத்த பகுதிக்குச் செல்லலாம்.

வானத்தில் சாலை இல்லை; பெயர்கள்தாம் உண்டு. ஒரு வழிப்புள்ளி என்பது அட்சக்கோடு, தீர்க்கக்கோடு என்ற இரண்டு எண்களுக்கு இடப்பட்ட, உச்சரிக்கத்தக்க ஐந்தெழுத்துப் பெயர். பொருளற்ற பெயராகவும் இருக்கலாம். அமெரிக்கக் கேன்சஸ் நகரத்தருகே இருப்பவை போல உள்ளூர் உணவை நினைவூட்டும் விளையாட்டுப் பெயராகவும் இருக்கலாம். இவற்றைக் கோத்தவை வான்வழிகள். புறப்படும் நடைமுறை, வந்தடையும் நடைமுறை, தரையிறங்கும் நடைமுறை ஆகியவை இப்பெயர்களாலான வாக்கியங்கள். மொழியியல் மாணவர்க்கு இதைவிட நல்ல உவமை எனக்குத் தெரியவில்லை: சொற்களஞ்சியம் ஒன்று, அதன்மேல் ஒரு தொடரியல்.

இந்தக் களஞ்சியம் நிலையானதன்று. பன்னாட்டுச் சிவில் வான்போக்குவரத்து நிறுவனமான ஐகாவோ 1964-இல் ஏராக் என்னும் முறையை வகுத்தது. உலகம் முழுவதும் இத்தகவல் மாற்றங்கள் 28 நாள்களுக்கு ஒருமுறை, வியாழக்கிழமையன்று, ஒரே நாளில் நடைமுறைக்கு வரும். ஆண்டுக்கு 13 சுழற்சிகள். அபூர்வமாக 14, 2020-இல் அப்படி அமைந்தது. ஒவ்வொன்றுக்கும் நான்கிலக்க எண் உண்டு. 2401 என்றால் 2024-ஆம் ஆண்டின் முதல் சுழற்சி; அது நடைமுறைக்கு வந்த நாள் 2024 சனவரி 25.

ஏன் இத்தனை மாற்றம்? விமான நிலையங்கள் பிறக்கின்றன. ஐதராபாத்தின் வணிக விமானங்கள் 2008 மார்ச்சில் பேகம்பேட்டையிலிருந்து ஷம்ஷாபாத்துக்குப் பெயர்ந்தன. அதே ஆண்டு மே மாதம் பெங்களூர் பழைய எச்.ஏ.எல். நிலையத்திலிருந்து தேவனஹள்ளிக்குச் சென்றது. கண்ணூர் 2018-இலும், கோவாவின் மோப்பா 2023-இலும் இயங்கத் தொடங்கின. தரையிலிருந்து வழிகாட்டும் வானொலி நிலையங்கள் சில மூடப்படுகின்றன. செயற்கைக்கோளைச் சார்ந்த நடைமுறைகள் அவற்றின் இடத்துக்கு வருகின்றன. பூமியின் காந்தமுனையும் நகர்கிறது. ஓடுபாதையின் எண் காந்தத் திசையைப் பத்தால் வகுத்து வருவதாகையால், முனை நகர நகர எண்ணும் மாற வேண்டியிருக்கிறது. 2011-இல் அமெரிக்காவின் டாம்பாவிலும், 2018-இல் சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவிலும் ஓடுபாதைகளுக்கு அப்படியே புது எண் எழுதினார்கள். கான்கிரீட் அசையவில்லை, பெயர் மாறிற்று.

வீட்டுச் சிமுலேட்டர் இவ்வனைத்தையும் ஒரு நாளில் உறையவைத்து வட்டில் அடைத்துத் தருகிறது. அண்மைக்காலச் சிமுலேட்டர்கள் சில தாமே புதுப்பித்துக்கொள்கின்றன. பழையவை அப்படியல்ல. இங்கேதான் என் போன்றோர் இடறும் இடம் இருக்கிறது: சிமுலேட்டருக்குள் ஒரே தரவு இருப்பதில்லை. அடிப்படை மென்பொருளுக்கு ஒரு தரவு. கூடுதலாக நிறுவிய விமான நிலையக் காட்சிக்கு இன்னொரு காலம். கூடுதலாக நிறுவிய விமானத்தின் கணினிக்குத் தனித் தரவு. எங்கள் ஆய்வகத்தில் அடிப்படை மென்பொருள் 2008-க்கு முந்தியது. அதற்கு ஷம்ஷாபாத் என்ற ஊரே தெரியாது. அதன்மேல் ஒட்டிய ஷம்ஷாபாத் காட்சி மிகப் புதியது. கண்ணாடிச் சுவரும், நிறுத்துமிடத்து மஞ்சள் கோடுகளும் கண்ணைப் பறிக்கும். விமானக் கணினியின் தரவு இடையில் ஏதோ ஓராண்டில் நின்றுபோனது. காட்சி புதிதாயிருந்ததால் தரவும் புதிது என்று நம்பினேன். கண் பார்த்ததைக் கொண்டு கண் பாராததை மதிப்பிட்டேன்.

3. கலியில் நடந்தது

விளையாட்டு மென்பொருளில் பெயர் மாறினால் என்ன என்போர்க்கு, மெய்யான விமானத்தில் பெயரும் தரவும் பிரிந்தபோது நேர்ந்ததை நினைவூட்டுகிறேன்.

1995 டிசம்பர் 20. மயாமியிலிருந்து கொலம்பியாவின் கலி நகருக்குச் சென்றுகொண்டிருந்த போயிங் 757. தரையிறங்கும் வழியில் ரோசோ என்னும் வானொலி நிலையம் இருந்தது. விமானிகள் கையிலிருந்த காகித வரைபடத்தில் அதன் அடையாளம் 'ஆர்' என்ற ஒற்றை எழுத்து. அந்த எழுத்தை விமானக் கணினியில் இட்டார்கள். கணினியின் தரவிலோ, அவ்வெழுத்துக்கு முதலில் வந்தது பொகோட்டாவுக்கு அருகிலிருந்த ரோமியோ என்னும் வேறொரு நிலையம். ரோசோவை அழைக்க அதன் முழுப் பெயரையும் எழுத்தெழுத்தாக இட்டிருக்க வேண்டும். விமானம் இடப்புறம் திரும்பி மலைகளை நோக்கிச் சென்றது. விமானத்திலிருந்த 163 பேரில் 4 பேர் பிழைத்தனர்.

அங்கே தரவு காலாவதியாகியிருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். விமானிகளின் பிழைகளே விசாரணையில் முதன்மைக் காரணங்களாகச் சொல்லப்பட்டன. ஆயினும், வரைபடத்தின் பெயரிடு முறையும் கணினியின் பெயரிடு முறையும் வேறுபட்டிருந்தது துணைக்காரணமாகப் பதிவாயிற்று. ஒரு குறி, இரண்டு பொருள். நாம் ஒப்புருச் சொல் என்று முதலாண்டு வகுப்பில் சொல்லிக்கொடுப்பது. அதே விசாரணையில் கட்டுப்பாட்டாளர் சொன்ன செய்தி இன்னும் முக்கியமானது: விமானிகள் கேட்டது பொருந்தாமலிருப்பதை அவர் உணர்ந்தார்; ஆனால் வழக்கமான சொற்றொடர்களுக்கு அப்பால் ஆங்கிலத்தில் வினவ அவருக்குப் போதிய பழக்கமில்லை.

மொழிப்பிழையும் தரவுப்பிழையும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து அமரக்கூடியவை. வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு ஒன்றுபோலவே தோன்றக்கூடியவை. இரண்டையும் பிரித்தறிவதே ஆய்வாளரின் வேலை. தரவுக்குத் தேதி பார்க்காத ஆய்வாளர் அந்த வேலையைத் தொடங்கவேயில்லை.

4. மறுப்புகளும் மறுமொழிகளும்

முதல் மறுப்பு: வீட்டுச் சிமுலேட்டரின் தரவை மெய்யான பயணத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது, பிறகு அதன் துல்லியத்தைப் பற்றி ஏன் கவலை? நான் அதைக் கொண்டு விமானம் ஓட்டவில்லை, மனிதரை அளந்தேன். கோணிய அடிக்கோலை வைத்து வீடு கட்டாதவரை அது தீங்கற்றது. ஆனால் அதைக் கொண்டு குழந்தையின் உயரத்தை அளந்து, பிள்ளை வளரவில்லை என்று எழுதினால் யார் பொறுப்பு?

இரண்டாம் மறுப்பு: புதிய தரவை விலைக்கு வாங்கிப் போட்டால் தீர்ந்தது, இதற்கா இத்தனை நீளம்? தீராது. புதுமை நோக்கமன்று, பொருத்தமே நோக்கம். 2007-இன் பேகம்பேட்டையை மீட்டுருவாக்க விரும்பும் ஒருவர் பழைய தரவையே வைத்திருக்க வேண்டும். அதற்குரிய பழைய வரைபடத்தையும் தேடிப் பிடிக்க வேண்டும். கெடுதி, பழைய தரவோடு புதிய வரைபடத்தைக் கலப்பதில் இருக்கிறது. விமானக் கணினியை மட்டும் புதுப்பித்துவிட்டு அடிப்படை மென்பொருளை அப்படியே விட்டவர்கள் இதை நன்கறிவார்கள்: கணினி புதிய அலைவரிசையைத் தேர்ந்தெடுக்கும், சிமுலேட்டர் பழைய அலைவரிசையில் ஒலிபரப்பும், ஐ.எல்.எஸ். முள் அசையாமல் நிற்கும். பாதிப் புதுப்பிப்பு முழுப் பழமையைவிடக் கேடு.

மூன்றாம் மறுப்பு, மொழியியலார் சிலர் சொன்னது: தயக்கம் எக்காரணத்தால் வந்தாலும் தயக்கந்தானே, அதை அளப்பதில் என்ன தவறு? அளப்பதில் தவறில்லை; பெயரிடுவதில் தவறு. ஐகாவோவின் மொழித்திறன் அளவுகோல் ஆறு கூறுகளைக் கொண்டது: உச்சரிப்பு, அமைப்பு, சொல்வளம், சரளம், புரிதல், ஊடாட்டம். ஆறு நிலைகளில் நான்காவதை எட்டினால்தான் பன்னாட்டுப் பறப்பில் பணி. நான்கிலேயே நின்றவர் மூன்றாண்டுக்குள் மீண்டும் தேர்வெழுத வேண்டும் என்பது ஐகாவோவின் பரிந்துரை. ஒரு மௌனத்துக்குச் 'சரளக் குறை' என்று பெயரிடுவதற்கும், 'வரைபடத்தில் தேடல்' என்று பெயரிடுவதற்கும் இடையே ஒருவரின் பிழைப்பு இருக்கிறது. இல்லாத பெயரைக் கேட்டதும் உடனே திருப்பிச் சொல்லாமல், அது எங்கே என்று தேடிய அந்தத் தம்பிதான் நல்ல விமானி. நான் அவனுக்குக் குறைந்த மதிப்பெண் இட்டேன். தேடாமல் கிளிப்பிள்ளையாய்த் திருப்பிச் சொன்ன இன்னொருவருக்கு நிறைந்த மதிப்பெண் இட்டேன். என் அளவுகோல் கவனத்தைத் தண்டித்து, கவனமின்மைக்குப் பரிசளித்தது.

5. யாருடைய தரவு?

இனிச் சற்றுக் கசப்பான பகுதி. மாணவர்கள் ஏன் பழைய தரவோடு காலந்தள்ளுகிறார்கள்? பணம். நாவிகிராஃப் போன்ற நிறுவனங்கள் சுழற்சிதோறும் புதுப்பித்த தரவைச் சந்தாவுக்கு வழங்குகின்றன. அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். பல்வேறு சிமுலேட்டர்களுக்கேற்ப வடிவம் மாற்றித் தருவது உழைப்பு, உழைப்புக்கு விலை உண்டு. திருட்டுப் பிரதிகள் மாணவர் விடுதிகளில் கைமாறுவதையும் அறிவேன். அறம் ஒருபுறம் இருக்கட்டும். அப்பிரதிகளில் எந்தச் சுழற்சி எதோடு கலந்திருக்கிறது என்பதை எவராலும் உறுதிசொல்ல முடியாது. ஆய்வுக்கு அவை உதவா.

என் கேள்வி வேறு. மூலத்தரவு யாருடையது? ஒவ்வொரு நாட்டிலும் வான்வெளித் தகவலைத் தொகுத்து வெளியிடுவது அரசின் கடமை. அமெரிக்கக் கூட்டாட்சி வான்போக்குவரத்து நிர்வாகம் தன் நாட்டு நடைமுறைகளை, கணினி நேராக வாசிக்கும் ஏரிங்க் 424 வடிவில், 28 நாள்களுக்கு ஒருமுறை இலவசமாக வெளியிடுகிறது. உலகளாவிய தரவும் ஒருகாலத்தில் இலவசமாய்க் கிடைத்தது. டாஃபிஃப் என்ற பெயரில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் முகமை ஒன்று வெளியிட்டுவந்த அத்தொகுப்பு, 2006 அக்டோபரில் பொதுமக்களிடமிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. பிற நாட்டு அமைப்புகள் தம் தரவுக்கு அறிவுசார் உரிமை கோரத் தொடங்கியது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. ஓர் இடத்தின் பெயரையும் அதன் இரண்டு எண்களையும் சொத்தாக்கியதன் விளைவை, இன்றும் சிமுலேட்டர் முன் அமரும் ஒவ்வொரு மாணவரும் சுமக்கிறார்.

இந்தியாவில்? இந்திய விமான நிலைய ஆணையம் வான்போக்குவரத்துத் தகவல் ஏட்டை இணையத்தில் எவரும் படிக்க வைத்திருக்கிறது. பாராட்டத்தக்கது; அதில்லாமல் என் பிழையை நான் கண்டே இருக்க முடியாது. ஆனால் மனிதர் படிக்கத் தருவது போதாது. பொதுப்பணத்தில் திரட்டிய தரவு மனிதரும் கணினியும் வாசிக்கத்தக்க வடிவில் கிடைக்கவேண்டும் என்று 2012-இன் தேசியத் தரவுப் பகிர்வு மற்றும் அணுகல் கொள்கை சொல்கிறது. வான்வெளித் தரவுக்கு மட்டும் அது ஏன் பொருந்தக் கூடாது? பாதுகாப்பு என்பார்கள். எவரும் படிக்கக்கூடிய ஏட்டில் ஏற்கெனவே இருப்பதையே அட்டவணைக் கோப்பாகக் கேட்கிறேன். மறைபொருள் எதையும் கேட்கவில்லை.

6. சீர்செய்யும் முறை

ஏசிவிட்டு மட்டும் போவது முறையன்று. ஆய்வகத்திலோ வீட்டிலோ சிமுலேட்டர் வைத்திருப்போர் செய்யவேண்டியதைச் சொல்கிறேன்.

முதலில், எதையும் மாற்றுமுன் மூன்று தேதிகளைத் தாளில் எழுதுங்கள்: அடிப்படை மென்பொருளின் தரவு, விமானக் கணினியின் தரவு, கையிலுள்ள வரைபடம். விமானக் கணினியின் அடையாளப் பக்கத்தில் செல்லுபடிக் காலம் இருக்கும். மூன்றும் ஒன்றாயின் வேலை முடிந்தது. பெரும்பாலும் ஒன்றாயிரா.

அடுத்து, பழைய கோப்புகளுக்கு நகல் எடுங்கள். எக்ஸ்-பிளேன் போன்ற சிமுலேட்டரில் இது எளிது: உடன்வந்த தரவைத் தொடாமல், 'கஸ்டம் டேட்டா' என்ற கோப்புறையில் புதியதை இட்டால் அது முன்னதை மேலாண்டுகொள்ளும், நீக்கினால் பழையது திரும்பிவிடும். எந்தச் சுழற்சி என்பதைச் சொல்லும் சிறு உரைக்கோப்பும் தரவோடு வரும், அதை அழித்துவிடாதீர்கள். பழைய சிமுலேட்டர்களில் வானொலி நிலையங்களும் வழிப்புள்ளிகளும் காட்சிக் கோப்புகளுக்குள்ளேயே புதைந்திருக்கும். தன்னார்வலர்கள் எழுதிய புதுப்பிப்புக் கருவிகள்தாம் அங்கே துணை. அவற்றில் காந்தவிலக்கம் தனிக் கோப்பு என்பதை மறவாதீர்கள். இந்தியாவில் காந்தவிலக்கம் மிகச் சிறிது. ஆதலால் இக்கோப்பு பழையதாயிருந்தாலும் இங்கே கண்ணில் படாது. உயர் அட்சப் பகுதிகளில் பறந்தால் படும்.

பிறகு, நம்பாதீர்கள், சோதியுங்கள். நீங்கள் பயன்படுத்தும் ஒரு நிலையத்தை எடுத்து, ஓடுபாதை எண், ஐ.எல்.எஸ். அலைவரிசை, ஏதேனும் ஒரு வந்தடையும் நடைமுறையின் வழிப்புள்ளிகள் ஆகிய மூன்றையும் ஏட்டோடு ஒப்பிடுங்கள். அரைமணி நேர வேலை. நான் அந்த அரைமணியை மிச்சப்படுத்தி ஏழு மாதத்தை இழந்தேன்.

கடைசியாக, சோதனைக்காலம் முழுவதும் அதே சுழற்சியில் நில்லுங்கள். பாதியில் புதியது வந்துவிட்டதே என்று மாற்றாதீர்கள். சுழற்சி எண்ணை ஆய்வேட்டின் முறையியல் இயலில் எழுதுங்கள். எழுதாத ஆய்வை மீண்டும் செய்து பார்க்க எவராலும் இயலாது.

7. நம் வீட்டுத் தரவு

இதுவரை படித்துவிட்டு, சிமுலேட்டர்க்காரர்களின் சிக்கல் நமக்கென்ன என்று கருதும் மொழியியல் நண்பர்களுக்கு ஒரு சொல். அவர்களிடம் 28 நாள் எண்ணாவது இருக்கிறது. நம்மிடம் என்ன இருக்கிறது?

கிரியர்சனின் மொழி அளவாய்வு 1928-இல் முற்றுப்பெற்றது. சென்னை மாகாணத்தையும் ஐதராபாத், மைசூர் சமஸ்தானங்களையும் அது உட்கொள்ளவில்லை. 'இந்தியா முழுவதும்' என்று அதை மேற்கோள் காட்டும் கட்டுரைகளை இன்றும் காண்கிறோம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அண்மைய மொழித்தரவு 2011-க்குரியது, வெளியானதோ 2018-இல். 2021-இல் நடந்திருக்கவேண்டிய கணக்கெடுப்பு அவ்வாண்டு நடக்கவில்லை. ஆயினும் 'இன்று பேசுவோர் எண்ணிக்கை' என்று நிகழ்காலத்தில் எழுதுகிறோம். 1924 முதல் 1936 வரை வெளிவந்த தமிழ்ப் பேரகராதியைத் தேடுபொறியில் தட்டி, அதில் ஒரு சொல் இல்லையென்றால் அது தமிழில் இல்லை என்று வாதிடும் மாணவரைக் கண்டிருக்கிறேன். அகராதியின் குற்றமன்று அது. தன் காலத்தை முகப்பிலேயே சொல்லி நிற்கும் நூல் அது. தேதியை உதிர்த்துவிட்டுத் தரவை மட்டும் எடுத்துவந்தவர்கள் நாம்.

பழமை குற்றமில்லை. தேதியை மறைத்த பழமை குற்றம். அதைவிடப் பெருங்குற்றம், தரவும் மனிதரும் முரண்படும்போது, தரவை ஐயுறாமல் முதலில் மனிதரை ஐயுறுவது. பேசுபவர் 'தவறாக' உச்சரிக்கிறார், 'குறையாக' அறிந்திருக்கிறார், 'தயங்குகிறார்' என்று எழுதுவது நமக்கு எளிதாய் வருகிறது. ஏனெனில் அவர் எதிரே அமர்ந்திருக்கிறார், மறுத்துப் பேசமாட்டார், நம் அட்டவணையை அவர் படிக்கப்போவதுமில்லை.

நான் செய்தது இது. ஒலிப்பதிவுகள் அனைத்தையும் மீண்டும் கேட்டேன். வரைபடத்தில் இல்லாத பெயர்கள் வந்த ஆணைகளை நீக்கினேன். 'மொழித் தயக்கம்' என்று நான் குறித்திருந்தவற்றில் பாதிக்கு மேல் அவற்றோடு போயின. ஒலிப்பியல் இயல் முழுவதையும் கைவிட்டேன். ஒன்பது பேருக்கும் தனித்தனியே எழுதி, முன்பு அனுப்பிய மதிப்பீடு தவறானது என்று தெரிவித்தேன். ஒருவர் பதில் எழுதினார்: அந்த மதிப்பீட்டைப் பார்த்தபின் பல மாதம் தனியே வானொலிப் பயிற்சி செய்துகொண்டிருந்தாராம், தன் ஆங்கிலம் போதாது என்று நம்பி.

அவையிலிருந்த மூத்தவருக்கு என் மறுமொழி இவ்வளவே, ஐயா. வானம் இடிந்து விழவில்லை. ஒரு மாணவர் தன் நாக்கை நம்பாமல் சில மாதம் வாழ்ந்தார். எனக்கு அது போதுமான இழப்பு. அடுத்த கருத்தரங்கில் எவரேனும் தம் தரவின் தேதியைப் பற்றிப் பேச எழுந்தால், அருள்கூர்ந்து சிரிக்காதீர்கள்.